தண்டனை அடுத்த செட்டுப் பிள்ளைகளுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எதிரணிகளின் சைகைகளைத் திருடிய விவகாரத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2025 ஆகஸ்டில் வெறும் அபராதத்தோடு தப்பிவிட்டது. 2012-ல் பென் ஸ்டேட் என்கிற பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் செய்தது போல அணியையே முடக்கியிருந்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் வந்திருக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். நம்மூர் விளையாட்டுச் சங்கங்களுக்கும் அந்தத் துணிச்சல் வரவேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

நான் உடற்கல்வி ஆசிரியையாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாலிபால் என் விளையாட்டு. குடியிருப்பது கோவில்பட்டியில். இது ஹாக்கி ஊர். வாலிபால்காரி என்றால் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள், போகட்டும். அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், கட்டுரையாளர் பாராட்டுகிற அந்தத் தண்டனை விழுந்த வருடம் நான் அந்த ஊரில் இருந்தேன். மகளின் பேறுகாலம். 2012 ஆகஸ்டில் போய் 2013 ஜனவரியில் திரும்பினேன். மாப்பிள்ளை அங்கே ஆராய்ச்சி மாணவர்.

பென் ஸ்டேட் இருக்கும் ஊரின் பெயரே ஸ்டேட் காலேஜ். கல்லூரியை எடுத்துவிட்டால் ஊர் என்று ஒன்று மிஞ்சாது. மைதானத்தில் அப்போது ஒரு லட்சத்து ஆறாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை நம்ம திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டம்தான். அவர்கள் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி மோதி முன்னேறுகிற ஆட்டம். முதல் ஆட்டத்தைப் பார்த்தபோது சடுகுடுவுக்குத் தலைக்கவசம் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஊருக்கு சாமி மாதிரி இருந்தவர் ஜோ பட்டர்னோ. 1966 முதல் தலைமைப் பயிற்சியாளர், 409 வெற்றிகள். பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயர் இருந்தது, அவரும் மனைவியும் அதற்குப் பணம் கொடுத்திருந்தார்கள். கல்லூரியே நடத்தும் பால் பண்ணைக் கடையில் பீச் பழம் போட்ட ஐஸ்கிரீமுக்கும் அவர் பெயர்தான். அதை நானும் சாப்பிட்டேன், தித்திப்பு ஜாஸ்தி. அதே கடையில் இன்னொரு பயிற்சியாளர் பெயரிலும் ஒரு ஐஸ்கிரீம் இருந்ததாம், நான் போவதற்கு முந்தைய வருடமே பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இன்னொருவர் ஜெர்ரி சாண்டஸ்கி.

சாண்டஸ்கி முப்பது வருடம் பட்டர்னோவின் துணைப் பயிற்சியாளர். 1977-ல் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பையன்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அதன் வழியாக வந்த பிள்ளைகளிடமே பாலியல் கொடுமை செய்தார். 2012 ஜூனில் 45 குற்றங்கள் நிரூபணமாகி, அக்டோபரில் முப்பது முதல் அறுபது வருடச் சிறை கொடுத்தார்கள். நான் அங்கே இருக்கும்போதுதான் அந்தத் தீர்ப்பு வந்தது. இந்த மனிதரின் தண்டனையைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. என் கடிதம் அவரைப் பற்றியதும் இல்லை. பார்த்துக்கொண்டு இருந்தவர்களைப் பற்றியது.

1998-லேயே ஒரு தாய் புகார் கொடுத்து, பல்கலைக்கழகப் போலீஸ் விசாரித்து, வழக்கில்லாமல் மூடிவிட்டது. 2001 பிப்ரவரியில் ஓர் இளம் உதவியாளர், மைக் மெக்வீரி, கல்லூரிக் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். மறுநாள் பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ விளையாட்டு இயக்குநர் டிம் கர்லியிடமும் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸிடமும் சொன்னார். அவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரிடம் கொண்டுபோனார்கள். குழந்தைகள் நல அதிகாரிகளுக்குச் சொல்வதாக முதலில் திட்டம். பிறகு வேண்டாம், சாண்டஸ்கியிடமே பேசிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அவர் கேட்காமல் போனால், ஏன் புகார் செய்யவில்லை என்ற கேள்வி நம்மேல் வரும், அது ஒன்றுதான் இதில் உள்ள இடைஞ்சல் என்கிற பொருளில் ஸ்பேனியர் மின்னஞ்சல் எழுதினார். அந்தச் சிறுவன் யார் என்று தேடிப் போனவர் ஒருவர்கூட இல்லை.

ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டார்கள், கவனித்தீர்களா? அப்போதைய பென்சில்வேனியா சட்டப்படியும் ஊழியர் தன் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும். (2014-க்குப் பிறகுதான் நேரடியாகவே தகவல் கொடுக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.) சட்டப்படி பட்டர்னோ மேல் குற்றம் இல்லை. இன்னும் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்று வேலை போவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரே அறிக்கை விட்டார். 2011 நவம்பர் 9 இரவு போனில் கூப்பிட்டு அவரை நீக்கினார்கள். ஸ்பேனியரின் பதவியும் அன்றே போனது. மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு டிவி சேனலின் வேனைக் கவிழ்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தியோடு நின்று பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக மௌனம் காத்தார்கள். இரண்டையும் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். எது உங்கள் ஊர் என்று கேட்டேன். "ரெண்டும்தான் அத்தை" என்றார்.

பட்டர்னோ 2012 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். நான் போனபோது மைதானத்துக்கு வெளியே இருந்த அவர் சிலையை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குள் ஒரு சுவரில் அந்த ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் வரைந்திருந்தார்கள். சாண்டஸ்கி உட்கார்ந்திருந்த இடத்தில் அவரை அழித்து வேறு படம். பட்டர்னோ இறந்ததும் ஓவியர் அவர் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் போட்டாராம். ஜூலையில் பல்கலைக்கழகம் அமர்த்திய வக்கீலின் விசாரணை அறிக்கை வந்ததும் அதை அழித்துவிட்டாராம். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நிறைய நேரம் நின்றிருக்கிறேன். போட்ட வட்டம் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. நல்ல பெயிண்டர்.

இனி கட்டுரையாளர் மெச்சுகிற தண்டனைக்கு வருகிறேன். 2012 ஜூலை 23 அன்று என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அறிவித்தது: ஆறு கோடி டாலர் அபராதம், நான்கு வருடம் சீசன் முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் கலந்துகொள்ளத் தடை, அணிக்கான உதவித்தொகை இடங்கள் வெட்டு, 1998 முதல் 2011 வரை வாங்கிய 112 வெற்றிகள் ரத்து. அதில் 111 பட்டர்னோவுடையவை, அவருடைய 409, 298 ஆனது. அந்த ஆட்டங்களில் தோற்ற அணிகளுக்கு வெற்றியைக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆடியதை ஆடவில்லை என்று பேரேட்டில் கோடு போடுவதால் எந்தச் சிறுவனுக்கு என்ன ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்.சி.ஏ.ஏ. தன் வழக்கமான விசாரணைக் குழுவைக் கூட்டவே இல்லை. பல்கலைக்கழகம் அமர்த்திய வக்கீல் கொடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாவிட்டால் அணியையே மூடிவிடுவோம் என்று நெருக்கியதில், புதிய தலைவர் கையெழுத்துப் போட்டார். தங்களுக்கு இதில் அதிகாரம் உண்டா என்று சங்கத்து அதிகாரிகளுக்கே சந்தேகம் இருந்ததும், ஒருவர் இதை 'பிளஃப்', அதாவது வெறும் பூச்சாண்டி என்றே மின்னஞ்சலில் எழுதியதும் 2014-ல் வெளியே வந்தது. அந்த வருடமே பௌல் தடையை நீக்கினார்கள், 2015 ஜனவரியில் 112 வெற்றிகளையும் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டுரையில் இதைக் காணோம்.

அந்த வருடம் ஆடவந்த பையன்களை எண்ணிப் பாருங்கள். 2012-ல் முதல் வருடம் சேர்ந்த பதினெட்டு வயசுப் பையன் 1994-ல் பிறந்தவன். 2001-ல் குளியலறையில் அந்தக் கொடுமை நடந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பு. அந்தச் சிறுவனைவிடச் சின்னவனாகக்கூட இருந்திருப்பான். நான்கு வருடத் தடை என்றால் அவன் கல்லூரி முடிகிறவரை தடை.

அந்தப் பையன்களில் ஒருவன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான். சாம் ஃபிக்கன். அணியில் பந்தை உதைக்கிறவன். தடை வந்ததும், வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் வீரர்கள் உடனே போய் ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள். இந்த ஒரு விதியை மட்டும் நான் பாராட்டுவேன். அப்படிப் போனவர்களில் நட்சத்திர ஓட்டக்காரனும் உண்டு, வழக்கமாக உதைக்கிற பையனும் உண்டு. அவன் டெக்சாஸுக்குப் போய்விட்டான். ஆகவே இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த ஃபிக்கன் தலையில் அந்த வேலை விழுந்தது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. பேரன் பிறந்து பத்து நாள். நான் அடுப்பில் பேறுகால லேகியம் கிண்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் அடுக்களையும் கூடமும் ஒன்றுதான், ஆகவே டிவியும் தெரியும். பென் ஸ்டேட் வர்ஜீனியாவில் போய் ஆடுகிறது. முதல் ஆட்டம் ஏற்கெனவே ஒஹையோ பல்கலைக்கழகத்திடம் தோல்வி. ஃபிக்கன் உதைக்கிறான், வெளியே. மறுபடி, வெளியே. ஐந்து முறை கம்பத்துக்கு நடுவே உதைக்க வந்து நான்கு வெளியே போய்விட்டது. இடையில் ஒரு சின்ன உதை, ஒரு பாயிண்ட், அதையும் தடுத்துவிட்டார்கள். கடைசி வினாடி உதை உள்ளே போயிருந்தால் ஜெயிப்பு. போகவில்லை. 17-16. மாப்பிள்ளையின் நண்பர்கள் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. லேகியம் அடிப்பிடித்துவிட்டது. இணையத்தில் அந்தப் பையனை ஏசாத ஏச்சில்லை என்று மறுநாள் மகள் சொன்னாள்.

பத்தொன்பது, இருபது வயசுப் பையன். சாண்டஸ்கியை மறைத்த பெரியவர்கள் யாருக்கும் அந்த வாரம் அப்படி ஓர் ஏச்சு விழுந்திருக்காது. பட்டர்னோ காலமாகிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் வழக்கு இழுத்துக்கொண்டே போய், தீர்ப்பு வந்தது 2017-ல். கர்லிக்குச் சிறையில் மூன்று மாதம், ஷுல்ட்ஸுக்கு இரண்டு, ஸ்பேனியருக்கு இரண்டு, மிச்சம் வீட்டுக்காவல். ஸ்பேனியர் அப்பீல் மேல் அப்பீல் போட்டு 2021-ல்தான் உள்ளே போனார். 2001-ல் எழுதிய மின்னஞ்சலுக்கு இருபது வருடம் கழித்து இரண்டு மாதம்! பையன்களுக்கு மட்டும் அறிக்கை வந்து பதினோராம் நாள் தண்டனை. அநியாயத்திலும் ஒரு வேகம் இருக்கிறது பாருங்கள்.

ஃபிக்கன் கதையை முடித்துவிடுகிறேன். அந்த வருடம் நவம்பர் 24, கடைசி ஆட்டம், விஸ்கான்சினோடு. சமமாக முடிந்து கூடுதல் நேரம். அதே ஃபிக்கன் உதைத்தான், உள்ளே போனது, 24-21 ஜெயிப்பு. பனி கொட்டும் குளிரில் ஊரே கத்தியது, பேரன் விழித்துக்கொண்டான். இரண்டு வருடம் கழித்து, தடை நீங்கி ஆடிய முதல் பௌல் ஆட்டம் நியூயார்க்கில். கூடுதல் நேரத்தில் 31-30. அந்த வெற்றி பாயிண்டை உதைத்ததும் அவன்தான், கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். நான் கோவில்பட்டியில் இருந்தேன். மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து ஒருத்தியாகக் கைதட்டினேன்.

இவ்வளவு ஏன் மனசில் நின்றது என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் அவர்களே, இடம் போதாவிட்டால் மேலே எதையும் வெட்டிக்கொள்ளுங்கள், கீழே வருவதை மட்டும் வெட்டாதீர்கள்.

1996. நான் இருந்தது தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். வாலிபாலில் மாவட்டத்தில் ஜெயித்து மண்டலத்துக்குப் போனோம். எனக்கு மேலே ஒரு மூத்த உடற்கல்வி ஆசிரியை. அணிப் பட்டியலை எழுதியது அவர். நகல் எடுக்க என்னிடம் வந்தபோது பார்த்தேன், ஒரு பெண்ணின் பிறந்த தேதியில் வருடம் மாறியிருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் வேறு, படிவத்தில் வேறு. வயசு தாண்டிய பெண். நல்ல உயரம், அவள் இல்லாமல் மண்டலத்தைத் தாண்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்றார். போனேன். படிவத்தில் அவர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தது. நான் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு கூடவே போனேன்.

மண்டலத்தில் எதிர்ப் பள்ளி ஆட்சேபம் போட்டது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவ்வளவுதான். அணியை நீக்கி, பள்ளிக்கு இரண்டு வருடம் தடை. மூத்த ஆசிரியைக்கு ஒரு விளக்கக் கடிதத்தோடு முடிந்தது, பிறகு பொன்னாடை போர்த்தி வழியனுப்பினோம். தலைமை ஆசிரியை அடுத்த வருடமும் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலே சொல்லிவிட்டேன் அல்லவா, என் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

தடை யாருக்கு வந்தது என்றால், அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு. அதில் ஒருத்தி, கருத்த பெண், அப்பா லாரி கிளீனர். அவளை மாதிரி ஸ்மாஷ் அடிக்கிறவளை என் சர்வீஸில் நான் பார்க்கவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் அவளுக்கு மேட்ச் கிடையாது. மாநில அளவில் ஆடின சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி கிடைத்திருக்கும். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. சாயங்காலமானால் பம்ப்பை எடுத்துப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு வந்து நிற்பாள். "மேட்ச் இல்லாட்டி என்ன டீச்சர், நெட்டைக் கட்டலாமா?" என்பாள். நான் ஒரு கம்பத்தில் கட்டுவேன், அவள் மறுகம்பத்தில் கட்டுவாள். பிளஸ் டூ முடித்துத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள்.

இது அந்த அமெரிக்கக் கொடுமைக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. பிறந்த தேதியைத் திருத்துவதும் பிள்ளைகளின் உடம்பில் கைவைப்பதும் ஒன்றாகாது. ஆனால் மேலே சொல்லிவிட்டு நகர்ந்த கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அது என் கால். டிவியில் அந்தப் பையன் உதைத்து உதைத்துத் தவறவிட்டபோது எனக்கு மெக்வீரியும் தெரிந்தார், பந்துக்குக் காற்றடிக்கும் பிள்ளையும் தெரிந்தாள்.

அணியைத் தண்டித்தால் பயம் வரும் என்கிறாரே கட்டுரையாளர், வந்ததா? 1987-ல் டாலஸ் நகரத்து சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு என்.சி.ஏ.ஏ. கொடுத்ததை 'மரண தண்டனை' என்றே சொல்கிறார்கள். வீரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக ஒரு சீசன் முழுக்க அணியே கிடையாது. மறு வருடம் ஆள் சேராது என்று பல்கலைக்கழகமே ஆடவில்லை. அந்த அணி மறுபடி ஒரு பௌல் ஆட்டத்தைப் பார்க்க 2009 ஆனது. பணம் கொடுப்பதை உடனே நிறுத்தாமல் தொடரவிட்ட முடிவில் பங்கெடுத்தவர், அப்போது பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்த பில் கிளெமென்ட்ஸ். அவரே அதை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபோது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர்! பதவிக்காலம் முழுவதும் இருந்துவிட்டுத்தான் இறங்கினார்.

2010-ல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். ரெஜி புஷ் என்ற வீரரும் அவர் குடும்பமும் 2004, 2005 வாக்கில் ஏஜென்டுகளிடம் பணமும் வாடகையில்லாமல் குடியிருக்க வீடும் வாங்கியதற்கு, அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்களுக்கு இரண்டு வருட பௌல் தடை, முப்பது உதவித்தொகை இடங்கள் வெட்டு. பயிற்சியாளர் பீட் கேரல்? தீர்ப்பு வருவதற்கு ஐந்து மாதம் முன்பே தொழில்முறை அணிக்குப் போய்விட்டார், பின்னால் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலும் ஜெயித்தார். ஒஹையோ ஸ்டேட்டில் வீரர்கள் தங்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டது தெரிந்தும் மறைத்த ஜிம் ட்ரெசல் 2011-ல் ராஜினாமா செய்தார். அடுத்த வருடம் அங்கே ஆடிய பையன்கள் பன்னிரண்டு ஆட்டமும் ஜெயித்துவிட்டுத் தடை காரணமாக வீட்டில் உட்கார்ந்தார்கள். ட்ரெசல் 2025-ல் அந்த மாநிலத்தின் துணை ஆளுநர் ஆனார். இதில் எந்தப் பயிற்சியாளர் பயப்படுவார், சொல்லுங்கள்?

மிச்சிகனுக்கு வருகிறேன். எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் காட்டும் சைகைகளைப் படம் பிடித்தார் கானர் ஸ்டேலியன்ஸ் என்ற ஊழியர். நேரில் ஆள் அனுப்பி வேவு பார்ப்பது 1994-லிருந்தே தடை. அணி 2024 ஜனவரியில் தேசியப் பட்டம் வாங்கியது, தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அந்த மாதமே தொழில்முறை அணிக்குப் போனார். 2025-ல் வந்த தீர்ப்பில் ஐம்பதாயிரம் டாலரோடு ஃபுட்பால் பட்ஜெட்டில் பத்து சதவீதம், அதன் மேல் இரண்டு சீசன் பௌல் வருமானத்துக்கு ஈடான தொகை. எல்லாம் சேர்ந்து இரண்டு கோடி டாலருக்கு மேல் போகும் என்று கணக்கிட்டார்கள். ஹார்பா மேல் பத்து வருடக் கட்டுப்பாடு, ஸ்டேலியன்ஸ் மேல் எட்டு வருடம். ஸ்டேலியன்ஸோடு பேசிய 52 குறுஞ்செய்திகளை அழித்த அடுத்த பயிற்சியாளர் ஷெரோன் மூருக்கு ஆட்டத் தடை. பௌல் தடை மட்டும் இல்லை. போய்விட்ட பயிற்சியாளர்களும் ஊழியர்களும் செய்ததற்கு இப்போது ஆடும் மாணவர்களைத் தண்டிப்பது நியாயமாகாது என்று குழு எழுதியது. கட்டுரையாளருக்கு இது தப்பித்தலாகத் தெரிகிறது. எனக்கோ, 2012-ல் அந்த ஊரில் யாராவது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

அதில் எனக்குக் குறை உண்டு. ஹார்பா மேல் உள்ள பத்து வருடம் அவர் கல்லூரிக்குத் திரும்பினால்தான் கடிக்கும். தொழில்முறை அணியில் இருக்கிறவரை அது வெறும் காகிதம். கோடிகளில் சம்பள ஒப்பந்தம் போடுகிறார்களே, உன் காலத்தில் நடந்த குற்றம் பின்னால் நிரூபணமானால் இவ்வளவு பணத்தைத் திருப்பிக் கொடு என்று அதிலேயே ஒரு வரி எழுத முடியாதா? அபராதப் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். பென் ஸ்டேட்டின் ஆறு கோடி கடைசியில் பென்சில்வேனியாவுக்குள்ளேயே, குழந்தைகளைக் காக்கும் வேலைக்கு என்று முடிவானது. அந்தத் தண்டனையில் உருப்படியாக நின்றது அது ஒன்றுதான் என்பேன்.

மாப்பிள்ளைக்கு இதில் மாற்றுக் கருத்து. ஊரே ஃபுட்பாலைச் சாமியாகக் கும்பிட்டதால்தானே நாலு பெரியவர்கள் வாயை மூடினார்கள், கும்பிட்ட ஊருக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டாமா என்பார். சாண்டஸ்கியைப் பற்றி முதலில் துணிந்து பேசிய பையன் பட்டர்னோ வேலை போனதும் பள்ளியில் கேட்ட ஏச்சு தாங்காமல் வேறு பள்ளிக்கு மாற வேண்டி வந்தது. அதை நினைத்தால் மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஊருக்கு வலிக்கட்டும், டிக்கெட் விலையில் ஒரு பங்கை எடுங்கள், டிவி வருமானத்தை நிறுத்துங்கள். உதைக்கிற பையனை ஏன் தொடுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நம்மூர் சங்கங்கள் கற்க வேண்டும் என்றாரே, நம்மிடமே ஒரு நல்ல விதி இருக்கிறது. பென் ஸ்டேட் தண்டனை வந்த அதே 2012-ல்தான் போக்சோ சட்டமும் வந்தது. குழந்தைக்குக் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை என்கிறது 21-வது பிரிவு. நாற்காலிக்குக் கூடுதல் தண்டனை. பள்ளிக்கூட மாணவர்களுக்கு அதில் ஒரு தண்டனையும் கிடையாது. பயிற்சியாளர்கள் மேல் புகார் வருகிறபோதெல்லாம் எந்தச் சங்கமாவது இதைப் பயன்படுத்தி நாற்காலியில் இருந்தவரைக் கேட்டிருக்கிறதா என்று உங்கள் செய்தியாளர்கள் விசாரித்து எழுதினால், அமெரிக்காவை விட்டுவிட்டு முதலில் அதைப் படிப்பேன்.

இன்னொன்று. போன மாதம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பினால் அந்த ஸ்மாஷ்காரி. தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது, தோள் மட்டும் அப்படியே. மகள் எட்டாம் வகுப்பு, வாலிபாலில் சேர்த்திருக்கிறாளாம். எந்தப் பள்ளி என்று கேட்டேன். அதே பள்ளி. இந்த வருடம் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். பிறப்புச் சான்றிதழை யார் கையிலும் கொடுத்துவிடாதே, நீயே கொண்டுபோய் நின்று, படிவத்தில் தேதியை எழுதுகிற வரைக்கும் பார்த்துவிட்டு வா என்றேன். சிரித்தாள். பஸ் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர்,
கோவில்பட்டி.